ஆச்சா என்றால் ஆச்சு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, முப்பத்து நாலு வருஷம் நான் ஊதிய விசில் மேல் கை வைத்து உறுதி சொல்கிறேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. ஒரே ஒரு தடவை ஒரு பஸ்ஸை நாலு நிமிடம் முன்னதாக அனுப்பிவிட்டேன். அதைத் தவறவிட்ட ஒருவர் அடுத்த பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறார். அதுவும் உண்மைதான்.

போன வாரம் விட்ட இடத்தை ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். ஏழாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. லிஃப்டும் அவரும் ஒரே நிமிடத்தில் நின்றார்கள். லிஃப்ட் முதலில் சரியானது.

அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, இரண்டு மாதம் ஆகிறது. ‘இனி நல்லா இருப்பார்’ என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை மாப்பிள்ளையின் உடம்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தான் மூன்று போட்டால் நாலாவதுக்கு முன் உட்கார்ந்துவிடுகிறார். பல் தேய்த்துவிட்டு ஒரு தூக்கம். தூங்கி எழுந்த களைப்பில் இன்னொரு தூக்கம். நாடித் துடிப்போ ஒரு வேளை நத்தை, ஒரு வேளை குதிரை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இருபத்து நாலு மணி நேரத்துக்கு, இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு பெட்டியை மார்பில் மாட்டி அனுப்பினார்கள்.

“இதுக்குப் பேரு ஹோல்டர்” என்றார் மாட்டிவிட்ட பெண்.

“பல்ப் ஹோல்டர் தெரியும். இதுல எது எரியும்?” என்றார் மாப்பிள்ளை.

அதே சாயங்காலம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் உடம்பு தகுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் புகார் மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை. மாப்பிள்ளை கடிதத்தை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக மடிக்கும்போது களைத்துப்போய்ப் பாதியில் விட்டார். அங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

இப்போது மறுநாள் காலை. பெட்டி மார்பில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு நான் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

இந்த வீட்டில் நாடி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஓய்வு பெற்ற அன்று டிப்போ எனக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தின் முதுகில் ‘நேரம் தவறாதவர்’ என்று பொறித்திருக்கிறது. முகப்பை மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துத்தான் கட்டுவேன். தொழில் பழக்கம். கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசாது. பக்கத்தில் நிற்பவனுக்கு மணி தெரியாது; தெரிந்தால் டிரைவர்கள் பேரம் பேசுவார்கள்.

“ஐம்பத்து மூணு” என்றேன். வாசலில் செய்தித்தாள் விழுந்த சத்தம் கேட்டது. போய் எடுத்துக்கொண்டேன்.

நாடியை எழுதிவைக்கும் என் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். காலையில் எப்போதும் ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்குக் கண் சொக்கும் நேரத்தில், நூற்று நாலு, நூற்றேழு. ஆஸ்பத்திரி மெஷின் மட்டும் போன இரண்டு தடவையும் எழுபத்திரண்டு காட்டியது. அன்றைக்கே எனக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

ஏழரைக்கு என் தங்கை கைப்பையோடு வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஆச்சா?”

“இல்ல” என்றார் மாப்பிள்ளை.

அவள் சமையலறை டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீரோடு நீட்டினாள். அவர் போட்டுக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு அவர்கள் மகள் எழுந்து வந்தாள். பொடிசு என்று பெயர் வைத்தோம். இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிறாள். அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிறாள். இந்த வாரம் மதிய ஷிஃப்ட். கொட்டாவியோடு கேட்டாள்.

“ஆச்சாப்பா?”

“இல்லம்மா. இன்னும் ஆகல.”

டிவி பக்கத்து டப்பாவிலிருந்து அவளும் ஒன்று எடுத்தாள். அதுவும் வெள்ளை. அவர் அதையும் போட்டுக்கொண்டார்.

இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செய்தித்தாளில் குறுக்கெழுத்து கொஞ்சம் கடினம் அன்றைக்கு.

பத்து மணிவாக்கில் மாப்பிள்ளை என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

“மச்சான், டார்ச்சை எடுங்க.”

“எதுக்கு?”

“படுத்தே கெடந்தா பெட்டிக்கு என்னத்தத் தெரியும்? வேலை செய்யறப்போ என்ன ஆகுதுன்னு பாக்கணும்ல? ஒரே ஒரு மாடி. எறங்கறதுதான்.”

“ஏறணுமே அப்புறம்?”

“அதுக்குத்தான் மச்சான் லிஃப்ட்டு.”

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இரண்டு மாதமாக அதில் ‘பழுது’ என்ற அட்டை தொங்குகிறது. இத்தனை வருஷமும் அதை ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளைதான். அவர் படுத்ததும் அதுவும் படுத்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஐம்பத்தெட்டுப் படி ஏறி வீட்டுக்கு வருகிறார். அதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் சிரித்து, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

பொடிசு குளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நழுவினோம்.

இரண்டாம் மாடிக் கதவு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். அவர் உட்கார்ந்து, சாவியால் கதவைத் திறந்து, மேல் ஓரத்தில் தீப்பெட்டி அளவு இருந்த ஒரு தகட்டைக் காட்டினார்.

“இது என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக் கதவுலயும் ஒண்ணு இருக்கும். கதவு மூடினதும், ‘மூடியாச்சு’ன்னு மேல மோட்டாருக்குச் சொல்லும். எல்லா மாடியும் ‘ஆச்சு’ன்னு சொன்னாத்தான் நகரும். ஒண்ணு சொல்லலன்னாலும் நிக்கும்.”

“பொய் சொன்னா?”

“அதான் ஆபத்து. மூடாமலே ‘மூடியாச்சு’ன்னு சொன்னா ஆள் குழியில விழுவான்.”

உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கி, பத்துத் தேய்ப்பு. நிறுத்தினார். மறுபடி எட்டு. நிறுத்தினார். அப்புறம் ஐந்து. கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். உப்புத்தாள் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க அவர் முயலவும் இல்லை.

“மச்சான்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“கை வேற யாரோடதோ மாதிரி இருக்கு. இரவல் வாங்கின கை.”

பெட்டியில் இருந்த பொத்தானை அமுக்கினார். உடம்புக்கு ஏதாவது தோன்றினால் அமுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நாடியைப் பிடித்தேன்.

“எண்பத்திரண்டு” என்றேன். நல்ல எண்ணாக இருக்கட்டும் என்று இருந்தது.

“மணி போட்டு எழுதுங்க.”

“பத்து நாப்பது இருக்கும்.”

“இருக்குமா? டைம் கீப்பர் பேசற பேச்சா இது?”

“பத்து நாப்பது!” என்றேன் உறுதியாக.

மேலே படியில் பொடிசின் தலை தெரிந்தது. தலைமுடியில் துண்டு.

“ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? மாமா, மணி பதினொண்ணே கால் ஆகுது!”

“உன் போன் முந்தி ஓடுதும்மா.”

அவள் இறங்கி வந்து, கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்து, அப்பா சொல்லச் சொல்ல மீதித் தேய்ப்பைத் தேய்த்தாள். கதவை மூடினாள். உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். லிஃப்ட் இருமிக்கொண்டு ஒரு மாடி ஏறியது.

இருபது வருஷத்துக்கு முன் அதே லிஃப்டுக்குள் சிலந்தி வலை பின்னியே கம்பியை அறுத்ததாக மாப்பிள்ளை ஒரு கதை சொல்வார். அதை நான் நம்பியதில்லை. ஆனால் அன்று அது ஏறியபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எதையும் நம்பலாம்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் பிறகு அசையவில்லை. பத்து நிமிட வேலை. ஒரு மணி வரை தூங்கினார்.

ஒரு மணிக்குத்தான் குட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். மணி, என்ன செய்தார், உடம்பு எப்படி இருந்தது என்று மூன்று கட்டம். எழுதும் பொறுப்பு பொடிசுக்கு. மதிய இடைவேளையில் தங்கை போனில் செய்தி அனுப்பினாள்: ‘காலை 7.30 மாத்திரை குடுத்தேன். சீட்டுல ஏத்திடு.’

பொடிசு பேனாவை எடுத்தாள். சீட்டில் அவள் கையெழுத்திலேயே ஏற்கெனவே இருந்தது: ‘8.10 — மாத்திரை.’

எழுத்துப் பிழை பார்க்கிற கண். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் விடாது.

“அப்பா. எழுந்திருங்க. அம்மா காலையில மாத்திரை குடுத்தாங்களா?”

“ம். குடுத்தா.”

“வெள்ளையா?”

“எல்லாம் வெள்ளைதானே.”

“அப்புறம் நான் வந்து ஆச்சான்னு கேட்டேன். ஏன் இல்லன்னீங்க?”

“ஆகலையேம்மா.”

“என்ன ஆகல?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் குறுக்கெழுத்தைப் பார்த்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“வயித்துக்கு… காலைக்கடன். இன்னும் போகலன்னு சொன்னேன்.”

பொடிசு பேனாவை மூடி வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில நர்ஸு தினம் காலையில அதைத்தானம்மா கேப்பாங்க? ‘ஆச்சா ஐயா?’ன்னு. முக்கக் கூடாது, இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு. நீங்களும் அதையேதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். என்ன அக்கறைன்னுகூட நெனச்சேன்.”

பொடிசு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ ஆகாத நாள்ல அம்மாவும் குடுத்திருக்காங்க, நானும் குடுத்திருக்கேன். ரெண்டு மாத்திரை.”

“ம்.”

“ஆன நாள்ல?”

“உங்கம்மா கேப்பா, ஆச்சும்பேன். போயிடுவா. நீ கேப்பே, ஆச்சும்பேன். நீயும் போயிடுவே.”

“ஒண்ணுமே போடல!”

நாடியை நிதானப்படுத்துகிற மாத்திரை அது. ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் சைபர். இரண்டு மாதமாக என் மாப்பிள்ளையின் இதயம், வயிற்றைக் கேட்டு நடந்திருக்கிறது.

“மாமா! நீங்க காலையில இங்கதானே உக்காந்திருந்தீங்க? பாத்தீங்கல்ல?”

“ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்.”

“வேற என்னதான் பாத்தீங்க?”

“ஏழு எழுத்து. ‘கவனக்குறைவு’. பொருந்தி வந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இருந்த நர்ஸ் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, இன்று அந்த மாத்திரை இனி வேண்டாம், படுத்திருக்கட்டும், தலை சுற்றினாலோ கண் இருட்டினாலோ உடனே வரவேண்டும், இல்லாவிட்டால் ஆறு மணிக்குப் பெட்டியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். பொடிசு அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணி வரை அவர் முகத்தையே பிழை பார்த்தாள்.

நாலரைக்கு லிஃப்ட் சத்தம் கேட்டது. தங்கை வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு மூச்சு வாங்காமல் வீட்டுக்குள் வந்தவள், அந்தச் சந்தோஷத்தை அரை நிமிடம்தான் வைத்திருந்தாள்.

“லிஃப்ட் ஓடுது. யாரு தொட்டா?”

மூவரும் ஒரே சமயத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம்.

“பெட்டியை மாட்டிக்கிட்டு லிஃப்ட் ரிப்பேரா? அண்ணே, உங்களை இவருக்குத் துணைக்கு வச்சேனா, தூண்டிவிட வச்சேனா?”

“டார்ச் பிடிச்சேன். அவ்வளவுதான்.”

பிறகு பொடிசு மாத்திரைக் கதையைச் சொன்னாள். தங்கை கைப்பையைக் கழற்றாமலே கேட்டாள். திட்டு வரும் என்று நான் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். வரவில்லை. அவள் மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தான் முழுசாக் கேட்டிருக்கணும். மாத்திரை போட்டாச்சான்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டா வாய் தேஞ்சா போகும்? பஸ் போயிடும்னு ஓடினேன்.”

“பஸ்ஸு என்னைக்கும் போயிடாதும்மா” என்றேன். “நான் இருந்தவரைக்கும்…”

“அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன்.

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தபடி பேசினார். விளையாட்டுக் குரல் எங்கோ போயிருந்தது.

“பத்து நிமிஷ வேலை. அதையும் பொண்ணுதான் முடிச்சா. அதுக்கு ரெண்டு மணி நேரம் படுத்தேன். இது மாத்திரைக் கோளாறுன்னா பரவாயில்ல. சரி பண்ணிக்கலாம். பழுது எங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா மாத்திரையைச் சரியாப் போட்டும் இப்படியே இருந்தா? நான் இனிமே இவ்வளவுதானா?”

“அப்படி ஏங்க பேசறீங்க?”

“போன் எடுக்கற வேலைக்குப் பயமில்லடி. ‘உங்க புகார் பதிவாயிடுச்சு’ன்னு நாள் முழுக்கச் சொல்லலாம். என் புகாரை யாருகிட்டப் பதியறதுன்னுதான் தெரியல.”

தங்கை அவர் நெஞ்சில் பெட்டி இல்லாத பக்கமாகப் பார்த்துக் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அவள் எழுந்தபோது மாப்பிள்ளை தன் பழைய கருவிப் பையைக் கேட்டார். உள்ளிருந்து சிவப்புத் தகரப் பட்டை ஒன்றை எடுத்தார். ‘தொடாதே — ஆள் வேலையில் இருக்கிறார்’ என்று எழுதியிருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சில் மாட்டுவார்கள். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். அடுத்தவன் தொட்டால் வேலை போய்விடும்.

“இனிமே ஒரே டப்பா. போட்டதும் நானே இதை மாட்டுவேன். பட்டை தொங்கினா யாரும் கேக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது.”

“சரி. அந்த ஆச்சாவை யாரும் இந்த வீட்டுல…” என்று ஆரம்பித்த தங்கை, கடிகாரத்தைப் பார்த்தாள். “ஐயோ, மணி அஞ்சேகால். கிளம்பலாம். எல்லாம் ஆச்சா?”

பொடிசு முதலில் சிரித்தாள். பிறகு தங்கை. மாப்பிள்ளைக்குச் சிரிக்கவும் தெம்பு இல்லை. கண்ணை மட்டும் சுருக்கிக் காட்டினார்.

நாலு பேரும் லிஃப்டில் இறங்கினோம். கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து கைதட்டினார்.

ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட அதே பெண், பெட்டியைக் கழற்றினார். பொடிசு மாத்திரை விஷயத்தை, என் நாடி நோட்டு உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சீட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

“நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. இதாலகூட இருக்கலாம். டாக்டர் சனிக்கிழமை சொல்வார். சான்றிதழும் அன்னைக்கே.”

மாப்பிள்ளை அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

“அந்த நோட்டையும் குடுங்க ஐயா” என்றார் அந்தப் பெண் என்னிடம்.

“எந்த நோட்டு?”

“நீங்க நாடி பாத்து எழுதற நோட்டு. மாத்திரை இல்லாத நாள், ரெண்டு போட்ட நாள் எல்லாம் அதுல தெரியும்ல? டாக்டர் அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாரு. இன்னைக்கு எழுதினதை மட்டும் பெட்டியோட நிமிஷத்துக்கு நிமிஷம் வச்சுப் பாப்பாங்க.”

“நிமிஷத்துக்கு நிமிஷமா?”

“ஆமா.”

“குடுங்க அண்ணே” என்றாள் தங்கை.

“மச்சான் எழுதினா மாறாது மேடம்” என்றார் மாப்பிள்ளை, நாற்காலியில் சாய்ந்தபடி. “முப்பத்து நாலு வருஷம் நேரம் பாத்த கை. நான் அதை நம்பித்தான் இருக்கேன்.”

நோட்டைக் கொடுத்தேன்.

“பெட்டி கழட்டின நேரம் போடணும். மணி என்னங்க ஐயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணிக்கட்டை உட்பக்கமாகத் திருப்பி, நிதானமாகப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சரியா ஆறு மணி” என்றேன்.

டிப்போ எனக்குக் கொடுத்த கைக்கடிகாரம் நின்று பதினோரு வருஷம் ஆகிறது.